கடைசிப் பக்கம் முதலில்

நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் ஒன்பது டைப்பிங் கடைகள். ஒன்பதிலும் கம்ப்யூட்டர் உண்டு, பிரிண்டர் உண்டு, ஈ ஓட்டுவதற்கு ஆளும் உண்டு. கூட்டம் நிற்பதென்னவோ நான்காவது கடையில்தான். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "சத்தியக்கா கடை எது?" என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அவளுடைய பெயர் வேறு. இருபத்திரண்டு வருஷமாக "சத்தியமாகக் கூறுவதாவது" என்று தொடங்குகிற தாள்களாகவே அடித்துத் தள்ளியதில் வக்கீல் குமாஸ்தாக்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவளிடம் மட்டுமென்ன, அந்த வரிசையில் ஒன்பது கடையிலும் இருந்தது. மனு எழுத வருகிறவர்களிடம் கடைசிப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவது. ஆளுக்கு ஒரு கதை இருக்கும், அதைச் சொல்லும்போது அழுகை வரும், முழுதும் அடித்து முடித்துப் படித்துக் காட்டினால் "ஐயோ, அவர் என் கூடப்பிறந்தவர் ஆச்சே, இவ்வளவு காரமா வேண்டாமே" என்று பின்வாங்குவார்கள். அதற்குள் நாலு மணி அடித்து, உள்ளே மனு வாங்குகிற ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். எதற்கு இந்த வம்பு? "மேலே உள்ளதெல்லாம் உண்மை" என்கிற வரிக்குக் கீழே முதலில் ஒரு கையெழுத்து. மேலே என்ன என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் முழுசாகப் படித்துக் காட்டினாள். பிறகு நேரம் இருந்தால் படித்துக் காட்டினாள். பிறகு, கேட்டவர்களுக்கு மட்டும். கேட்டவர்கள் குறைவு. அவள் அடித்த தாள் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும், அவளுக்கு அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பார். மிச்சம் இரண்டு மாதம் வீட்டுக்கு வந்து, தரை ஆடவில்லையே என்று தூக்கம் வராமல் புரளுவார். அதனால் ஒரே மகளை வளர்த்தது, அதட்டியது, பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றது எல்லாம் சத்தியக்காதான். அந்த மகள் இப்போது சட்டம் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள்.

சட்டக் கல்லூரி விண்ணப்பக் காலம் வந்தால் சத்தியக்கா கடையில் திருவிழாக் கூட்டம்தான். ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் வந்து ஃபார்ம் நிரப்புவார்கள். 'நீங்கள் ஏன் சட்டம் பயில விரும்புகிறீர்கள்' என்று ஒரு கேள்வி வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஏழைகளுக்குச் சேவை செய்ய" என்று எழுதுவார்கள். சத்தியக்கா அந்த வரியைத் தனியாகச் சேமித்தே வைத்திருந்தாள். ஒரு பட்டனைத் தட்டினால் வந்து விழும்.

"படிக்கிற பிள்ளைங்க எல்லாம் ஏழைக்கே சேவை செஞ்சா, பணக்காரனுக்கு யாருடா வாதாடறது?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

மகள் அந்த வரியைத் தொடவில்லை. அவளுக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு தினம் காலையில் கடை வாசலைத் தாண்டிப் போகும். டக், டக் என்று சத்தம் கேட்டால் பூட்டுக்காரர் வருகிறார் என்று அர்த்தம்.

பூட்டுக்காரர் தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்பவர். சாவி தொலைந்தவர்கள், பூட்டு இறுகிப்போனவர்கள் எல்லோருக்கும் அவர்தான் கதி. மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்குக் கோல் கிடையாது. அப்போது மகளுக்குப் பதினாறு வயது. ஒருநாள் மூன்று மணி ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு மனு அடித்து முடிந்தது. நாலு மணிக்குள் ஜன்னலில் கொடுக்க வேண்டும். அன்றைக்கென்று நீதிமன்ற முன்வாசலை அடைத்திருந்தார்கள், பின்வாசல் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்ற மகளிடம் சத்தியக்கா ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தாள். உரிமமும் இல்லை, வயதும் இல்லை. "சீக்கிரம் போ! சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து கத்தியது முதற்கொண்டு அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பின்வாசல் திருப்பத்தில் பூட்டுக்காரர் தெருவில் இறங்கினார். ஸ்கூட்டர் மோதி வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

போலீஸ் வந்தது. புகார்ப் புத்தகத்தில் மகளின் பெயர் ஏறியது. பூட்டுக்காரர் பெரிய மனசுக்காரர். "நானும் பார்க்காமத்தான் இறங்கினேன். குழந்தை மேல கேஸ் வேண்டாம்" என்று கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அடித்ததும் சத்தியக்காதான். வழக்கம்போல, கடைசிப் பக்கத்தில் முதலில் கைநாட்டை வாங்கிக்கொண்டு அடித்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது.

மகளுக்கு முடியவில்லை. நாற்பது நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. இன்ஷூரன்ஸ்காரன் கொடுத்த தாள், ஆஸ்பத்திரித் தாள் என்று ஒவ்வொன்றையும் அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினாள். "எனக்கு என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட யாருமே கேக்கல, ஆளாளுக்கு எழுதிக்கிட்டுப் போனாங்க. நீதான் முதல்ல படிச்சுச் சொன்னே" என்றாராம் அவர். அன்றைக்கு முடிவு செய்ததுதான் சட்டப் படிப்பு. பூட்டுக்காரருக்கு அதில் ஏகப் பெருமை. அன்றிலிருந்து அவளை "வக்கீலம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போனது. இரண்டு கல்லூரிகள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவை. மூன்றாவதுதான் பெரிய கல்லூரி. எண்பது இடம், பதினோராயிரம் பேர் போட்டி. அங்கே படித்தவர்கள்தான் எதிரே நீதிமன்றத்தில் உயரமான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஃபார்ம் பன்னிரண்டு பக்கம். ஒன்பதாவது கேள்வி: 'உங்கள் பெயர் எப்போதாவது காவல்துறைப் புகாரிலோ வழக்கிலோ இடம்பெற்றுள்ளதா? ஆம் எனில் விவரம் தருக.'

"அம்மா, ஒன்பதாவது கேள்விக்கு நானே அரைப் பக்கம் எழுதி வெச்சிருக்கேன். இதையும் சேர்த்து அனுப்பிடு" என்று ஒரு தாளை நீட்டினாள் மகள். நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். அம்மா கடையில் பிறந்து வளர்ந்த பெண், அவளுக்கும் அதுதானே பழக்கம்?

சத்தியக்கா அந்த அரைப் பக்கத்தைப் படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள் பெண். ஒளிவு மறைவு இல்லை. நடுவில் ஒரு வரி: 'நாலு மணிக்குள் மனுவைக் கொடுக்கும்படி என் தாயார் வண்டியைக் கொடுத்து அனுப்பினார்.' அந்த வரியில் சத்தியக்காவின் கண் நின்றுவிட்டது. ஐந்து பேராசிரியர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் படிப்பார்கள். எந்தத் தாய் பதினாறு வயசுப் பெண்ணிடம் வண்டியைக் கொடுத்தாள் என்று கேட்பார்கள். பதினோராயிரம் பேரில் எவனை வெட்டலாம் என்றுதானே உட்கார்ந்திருக்கிறார்கள்? முடிந்துபோன கதையை நாமாகக் கொண்டுபோய் எதற்கு நீட்ட வேண்டும்? ஊரில் யார்தான் இந்தக் கட்டத்தில் 'ஆம்' போடுகிறார்கள்?

மகளுக்காகத்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. மீதிப் பாதி வெட்கம். மூன்று வருஷமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வியை எவனோ கேட்டுவிடுவானே என்கிற வெட்கம். தாளை மேசை டிராயருக்குள் போட்டாள். ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று தட்டினாள். அனுப்பிவிட்டாள்.

நுழைவுத் தேர்வில் மகள் அறுபத்தோராவது இடம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தெருவே கொண்டாடியது. பூட்டுக்காரர் அன்றைக்கு வந்த எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்லி, ஒருவருக்கு வேறு வீட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, அழைப்பு வந்த இன்னொரு பெண் தன்னுடைய ஃபார்மை முழுசாகப் பிரிண்ட் எடுக்க வந்தாள். பிரிண்டர் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. சத்தியக்கா எடுத்து அடுக்கினாள். ஃபார்முக்கு முன்னால் ஐந்து பக்கம் அறிவுரைகள். வாழ்நாளில் ஆயிரம் ஃபார்ம் நிரப்பியவள், அறிவுரை படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்கு மூன்றாம் பக்கம் மேலே வந்து விழுந்தது. ஒன்பதாவது கேள்விக்கு அங்கே விளக்கம் இருந்தது.

'புகார் அல்லது வழக்கு இருந்தது என்பது மட்டுமே ஒருவரின் தகுதியைக் குறைக்காது. சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் பதினான்கு பேர் ஆம் என்று பதிலளித்தவர்கள். ஆனால் மறைத்தது தெரியவந்தால் சேர்க்கை ரத்தாகும். படிக்கும் காலத்திலும், பட்டம் பெற்ற பிறகும், வழக்கறிஞராகப் பதிந்த பிறகும் இது பொருந்தும்.'

இரண்டு தடவை படித்தாள். அடுக்கிய தாள்களோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. சொல்லாததுதான் குற்றம். மகள் எழுதிக் கொடுத்த அரைப் பக்கம் ஒரு முழம் தள்ளி டிராயருக்குள் கிடக்கிறது.

"அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்லம்மா. இங்க் தீர்ந்து போற மாதிரி இருக்கு."

வழி இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை ஒரே ஒரு தடவை திருத்தலாம். அதற்கு விண்ணப்பித்தவரின் போனுக்கு ஓர் எண் வரும், அந்த எண்ணைப் போட்டால்தான் ஃபார்ம் திறக்கும். போன் மகளிடம் இருக்கிறது. ஆக, மகளிடம் சொல்லாமல் திருத்த முடியாது. "நான் பொய் எழுதிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. ஊரார் பொய்யை எல்லாம் வாங்கி அழகாக அடித்துக் கொடுத்த வாய்க்கு அது வரவில்லை.

புதன்கிழமை சொல்லவில்லை. வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்தாள். மத்தியானம் மகள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"அம்மா, என் ஃபிரெண்டு ஃபார்மைப் பத்து தடவை திறந்து பார்த்தாளாம், எங்கேயாச்சும் தப்பு இருக்கான்னு. தூக்கமே இல்லையாம். நான் ஒரு தடவைகூடப் பார்க்கல தெரியுமா?"

"ஏன்டி?"

"நீ அடிச்சது. எதுக்குப் பார்க்கணும்?"

அப்போது வெளியே டக், டக் என்று சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் வாசலில் நின்று, "வக்கீலம்மா! அங்கே போய் என்னைப் பத்திச் சொல்லணும், மறந்துடாதே" என்றார்.

"உங்களைப் பத்தித்தான் மாமா பேசப் போறேன்" என்று சிரித்தாள் மகள்.

சத்தியக்கா எழுந்து போய்ப் பிரிண்டரில் தாள் வைத்தாள். அதில் ஏற்கெனவே தாள் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்குப் பயந்தே வாழ்ந்தவள், அன்றைக்குத்தான் ஐந்து மணிக்குப் பயந்தாள். ஐந்து அடித்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்க வேண்டிய நிலைமை. அந்த வாலும் கையில் அகப்படவில்லை.

பெரிய கல்லூரி ரயிலில் இரண்டரை மணி நேரம். திங்கட்கிழமை காலை நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது, பெயர் இல்லை, எண்கள் மட்டும். கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் ஆள் கதவைத் திறந்து எண்ணைக் கூப்பிடுவார். பிள்ளைகள் உள்ளே போகும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். வெளியே வந்தவர்கள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் நேராகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். ஒரு பையன் வந்த வேகத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். அவனுடைய அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்னாச்சுங்க அவனுக்கு?" என்று சத்தியக்கா பக்கத்து அம்மாவிடம் கேட்டாள்.

"ஃபார்ம்ல ஏதோ ஒண்ணை எழுதாம விட்டுட்டானாம். ஸ்கூல்ல பத்து நாள் சஸ்பெண்டு. உள்ளே இருக்கறவங்க அந்த ஸ்கூலுக்கே போன் போட்டுக் கேட்டுட்டாங்களாம். நேரா வெளியே போகச் சொல்லிட்டாங்க. பாவம்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்.

"என்ன சொல்லிப் பார்க்கிறே?"

"பூட்டுக்கார மாமா கதையைத்தான். எங்கே ஆரம்பிக்கிறதுன்னு பார்க்கறேன். ஸ்கூட்டர்லேயே ஆரம்பிச்சிடறேன். எப்படியும் அதான் ஒன்பதாவது கேள்வியில இருக்கே, கேட்கத்தான் போறாங்க."

கதவு திறந்தது, ஒருவன் வந்தான், ஒருத்தி போனாள். இன்னும் இரண்டு பேர்.

"அது அதுல இல்ல" என்றாள் சத்தியக்கா.

"எது?"

"நீ எழுதிக் கொடுத்த தாளை நான் அனுப்பல. 'இல்லை'ன்னு போட்டுட்டேன்."

மகள் கையில் வைத்திருந்த அழைப்புக் கடிதத்தை மடித்தாள், மறுபடியும் பிரித்தாள்.

"எப்போ தெரியும் உனக்கு, அது தப்புன்னு?"

"செவ்வாய்க்கிழமை."

"திருத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருந்துச்சே."

"இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா!" குரல் உயர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் இப்போ உள்ளே போய் என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா அந்தப் பையன் கதிதான் எனக்கும். பொய்யைச் சொன்னா..."

"உண்மையைச் சொல்லிடு. எங்கம்மாதான் மாத்தி எழுதினான்னு சொல்லு. என்னைக் கூப்பிட்டா நான் வந்து சொல்றேன்."

"கையெழுத்து என்னோடதும்மா" என்றாள் மகள். "மேலே உள்ளதெல்லாம் உண்மைன்னு நான் போட்ட கையெழுத்து."

முன்னால் இருந்த இரண்டு பேரும் போய் வந்தார்கள். அட்டை மாட்டிய ஆள் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, சட்டையையும் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. கதவு மூடியது.

இருபத்திரண்டு நிமிஷம். சத்தியக்கா தாழ்வாரத்தின் தரையோடுகளை எண்ணினாள், எண்ணிக்கை தப்பியது, மறுபடியும் எண்ணினாள். கடவுளே, அவள் உண்மையைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு வரட்டும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, வேண்டாம், எப்படியாவது தப்பித்து வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். எது பலித்தால் நல்லது என்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் அழாமல் வந்தாள். நேராகப் போய்த் தண்ணீர் குடித்தாள். ரயில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"என்ன கேட்டாங்க?"

"ஏன் சட்டம் படிக்கணும்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"ஏழைகளுக்குச் சேவை செய்யணும்னு சொன்னேன்."

சத்தியக்காவுக்கு ஓங்கி அறைந்தமாதிரி இருந்தது. "அந்த ஒன்பதாவது கேள்வி?" என்று கேட்டாள்.

"வாயாலேயும் ஒரு தடவை கேட்டாங்க. ஏதாவது சேர்க்கணுமா, இப்பவே சொல்லிடலாம்னு அதுல வயசானவர் ஒருத்தர் ரொம்ப நல்லவிதமாத்தான் கேட்டார்." மகள் ஜன்னல் வழியே பார்த்தபடி சொன்னாள். "ஒண்ணுமில்லன்னு சொன்னேன். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவ்வளவு கஷ்டமா இல்லம்மா. கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்."

பன்னிரண்டு நாள் கழித்து இடம் கிடைத்துவிட்டது. எண்பதில் ஐம்பத்து மூன்றாவது பெயர். ஒன்பது கடைக்காரர்களும் கூடி ஆளுயர மாலை வாங்கி வந்துவிட்டார்கள். "தாய் எட்டடி பாய்ஞ்சா குட்டி பதினாறடி பாயும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று பக்கத்துக் கடைக்காரர் சத்தம் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கடலிலிருந்து கணவர் போன் செய்து அழுதார். சத்தியக்காவும் அழுதாள், ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. காக்கிச் சட்டை யாராவது தெருவில் நடந்தால் விரல் தானாகத் தப்பான எழுத்தைத் தட்டியது. இன்றைக்கோ நாளைக்கோ என்றால் பயந்து முடித்துவிடலாம். ஐந்து வருஷப் படிப்பு, அதற்கப்புறம் பதிவு, அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க. இதற்குக் கெடுவே இல்லையே.

சேர்க்கைக் கட்டு தபாலில் வந்தது. மறுபடியும் பன்னிரண்டு பக்கம், மறுபடியும் அதே கேள்வி. ஒரு மத்தியானம் மகள் கட்டைக் கடைக்கே எடுத்து வந்து, எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தாள். கடைசிப் பக்கத்தை உருவி முதலில் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் முதல் பக்கத்துக்கு வந்தாள். ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியபோது பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை. சத்தியக்கா வாயைத் திறந்தாள். எந்த முகத்தோடு சொல்வது? மூடிக்கொண்டாள்.

டக், டக்.

"வக்கீலம்மா!" பூட்டுக்காரர் கையில் ஒரு பொட்டலம். புதுப் பூட்டு, அவரே செய்தது, விடுதிப் பெட்டிக்கு. "தெருவுல ஒருத்தரையும் விடல நான். என் கால் உடைஞ்சதாலதான் இந்தப் பொண்ணு வக்கீலாகப் போகுதுன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு பேப்பர்காரர் ஒருத்தர் சாவி போட வந்தார். பெரிய கல்லூரிக்குப் போற பிள்ளைங்களைப் பத்தி எழுதறாராம். உன் கதையைச் சொன்னேன், ஞாயித்துக்கிழமை வந்து கேட்டு எழுதிக்கறேன்னாரு!"

சத்தியக்காவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. மகள் எழுந்து, அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவருக்குச் சமமாகக் கீழே குந்தி உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க கால் எப்படி உடைஞ்சுது?"

"என்னம்மா கேள்வி இது? உன் ஸ்கூட்டர்..."

"படியில விழுந்தீங்க மாமா."

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். மகள் சிரிக்கவில்லை.

"நீதிமன்றப் பின்வாசல் படியில. மழை பெய்ஞ்சிருந்துச்சு. வழுக்கிடுச்சு. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ்வளவுதான். அப்படிச் சொன்னா என் படிப்பு இருக்கும். வேற மாதிரி சொன்னா போயிடும்."

பூட்டுக்காரர் சத்தியக்காவைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. அவள் தலை குனிந்துகொண்டாள். பாவி, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"என்ன தங்கச்சி, அப்படியா?" என்றார் அவர் மெதுவாக. கோலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சரிம்மா. படியில விழுந்தேன். உனக்கு நல்லதுன்னா அப்படியே இருக்கட்டும்."

"மழை?"

"மழை பெய்ஞ்சிருந்துச்சு."

"அம்மா, ஒரு பிரமாணப் பத்திரம் அடிச்சிடு. எப்பவாச்சும் யாராச்சும் கேட்டா ஒரு தாள் இருந்தா நல்லது." மகள் டிராயரை இழுத்து, உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதன் வெள்ளைப் பக்கத்தில் ஆறே வரி எழுதி அம்மா முன்னால் வைத்தாள். "நீ அடி. அதுக்குள்ள மாமாகிட்ட கடைசிப் பக்கத்துல கையெழுத்து வாங்கிடறேன்."

"ஸ்டேஷன்ல அவர் கொடுத்த பழைய கடுதாசி இருக்குடி" என்றாள் சத்தியக்கா. அவளுக்கே கேட்காத குரல். "ரெண்டும் எதிரும் புதிருமா இருக்கும். ரெண்டையும் அடிச்சது நான்தான். இப்படி ரெண்டு தாள் மாட்டினா கோர்ட்டுக்குள்ளே என்ன பண்ணுவாங்கன்னு நான் பார்த்திருக்கேன். மனுஷனை உரிச்சிடுவாங்க."

"அப்போ மாமா எதைச் சொல்றாரோ அதான் உண்மை. மாமா நம்ம பக்கம்தானே?"

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். வெற்றுத் தாளில், அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், தன் பெயரை எழுத்து எழுத்தாக வரைந்தார். கையெழுத்துப் போட அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான், ஆஸ்பத்திரியில், அந்த நாற்பது நாளில். இந்தத் தடவை என்ன தாள் என்று அவருக்குப் படித்துக் காட்ட அவள் முன்வரவில்லை, அவரும் கேட்கவில்லை. கோலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பூட்டுப் பொட்டலம் ஸ்டூல் மேலேயே இருந்தது.

சத்தியக்கா அந்த ஆறு வரியைப் பார்த்தாள். தாளின் மறுபக்கத்து மை லேசாக ஊறித் தெரிந்தது. திருப்பிப் பார்க்கத் தேவையில்லை, அது எந்தத் தாள் என்று அவளுக்குத் தெரியும். 'என் தாயார் வண்டியைக் கொடுத்து அனுப்பினார்' என்கிற வரி அதில்தான் இருக்கிறது.

"சீக்கிரம்மா, நோட்டரி நாலு மணிக்குக் கிளம்பிடுவார்."

'சத்தியமாகக் கூறுவதாவது' என்று அவள் விரல்கள் தாமாகவே அடித்தன. ஆறு வரிக்கு ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. பிரிண்டர் தாளைத் துப்பியது. மகள் அதைக் கையெழுத்துப் பக்கத்தோடு சேர்த்துப் பின் அடித்தாள், ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

"மாமாவை எதுக்கு அலைய விடணும், நானே போய் முத்திரை வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

சத்தியக்கா எழுந்து வாசல் வரைக்கும் ஓடினாள். எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

"மெதுவாப் போடி!" என்று கத்தினாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.